கட்டைவிரல் சம்மதம்

அத்தியாயம் 17

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கணவருக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை. வாரத்தில் ஒரு மணி நேரமாவது எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எதிர்மனையிலிருந்த பழைய கட்டடத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் "என்ன?" என்றாள். அவர் "ஒண்ணுமில்ல" என்றார். பேச்சுவார்த்தை அத்துடன் இனிதே முடிந்தது.

இன்று வியாழக்கிழமை. கட்டடம் இன்னும் பாதிதான் இடிந்திருக்கிறது.

காலை ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. ஆறு ஐந்துக்கு அதே அலாரம், முதல் அலாரத்தை மதிக்காதவர்களுக்காக மறுபடியும் அடித்தது. கீழே யாரோ காரைப் பின்னால் எடுக்க, அது தன் பங்குக்குக் கீச்சுக் குரலில் ஒரு மெட்டை வாசித்தது. அடுக்குமாடிக் குழுவில் இருபத்தாறு செய்திகள் வந்து கிடந்தன. தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி மூன்று, யார் முதலில் மரியாதைக்குறைவாகப் பேசியது என்பது பற்றி மிச்சம். பள்ளிக்கூட ஆப் 'டிங்' என்று கூப்பிட்டு, பிள்ளைகள் நாளை நீல அட்டை கொண்டுவர வேண்டும் என்றது. பல் தேய்த்து முடிப்பதற்குள் இன்னொரு 'டிங்'. நீலம் இல்லை, பச்சை.

"அம்மா, பச்சை அட்டை," என்றாள் மகள். ஒன்பது வயது. வாய் மூடாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ம்."

"அம்மா, சாயந்திரம் வேன்ல இருந்து என்னைக் கூட்டிட்டு வர அப்பா வரமாட்டாராம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி கூட வரணுமாம்."

"ம்."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"அப்புறம் கேக்கறேன்டா கண்ணு. முதல்ல ஷூவைப் போடு."

அப்புறம் என்ற வார்த்தைதான் அந்த வீட்டில் அதிகம் புழங்குவது. அதற்கு அடுத்தபடி 'என்ன?'.

ரேடியோவைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் அதிர்ந்தது. கணவரிடமிருந்து ஒரு குரல் பதிவு. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

அவர் ஒரு பெரிய குளிர்க்கிடங்கில் கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போது இவள் பஸ்ஸில் இருப்பாள். இவள் வீடு திரும்பும்போது அவர் பஸ்ஸில் இருப்பார். கையெல்லாம் எண்ணெயாக இருப்பதால் அவருக்கு எழுதி அனுப்பத் தோதுப்படாது. அதனால் குரல் பதிவு. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒன்று கட்டாயம் வரும், சில நாள் இரண்டு. இவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவாள். ஒரு வருடமாகக் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

அவள் பதிவைத் தட்டினாள். "சிலிண்டர் இன்னைக்கு வரும்னு மெசேஜ் வந்திருக்கு. நான் வாங்கி வெச்சுடறேன், நீ ஆபீஸ்ல இருந்துக்கிட்டு..." பஸ் வந்துவிட்டது. விரலால் நகர்த்திக் கடைசிக்குப் போனாள். "...சரின்னா சரின்னு அனுப்பு. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோ."

பையைத் தொட்டுப் பார்த்தாள். குடை இருந்தது. கட்டைவிரலை அனுப்பிவிட்டு, கதவைப் பிடித்துத் தொங்கி ஏறினாள்.

*

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று புரியும்.

வீட்டுச் சாதனங்கள் பழுதானால் போன் செய்கிறோம் அல்லவா, அந்த மாதிரி ஓர் அழைப்பு மையத்தில் இருக்கிறாள். போனை எடுத்துப் பேசுகிறவள் இல்லை. பேசினவர்கள் ஒழுங்காகப் பேசினார்களா என்று பதிவைக் கேட்டு மார்க் போடுகிறவள். அலுவலகத்தில் அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஒரு நாளைக்கு நாற்பது அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இருபது கட்டங்கள் கொண்ட படிவம். வணக்கம் சொன்னாரா, பெயரைக் கேட்டாரா, வருத்தம் தெரிவித்தாரா, நன்றி சொல்லி முடித்தாரா. நாற்பதையும் முழுதாகக் கேட்டால் நள்ளிரவு ஆகிவிடும். அதனால் அந்த அறையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஒரு தொழில் ரகசியம் தெரியும். முதல் பதினைந்து விநாடி, கடைசி பதினைந்து விநாடி. முக்கால்வாசி மார்க் அங்கேதான் இருக்கிறது. நடுவில் உள்ளதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டால் போதும், அவசரமென்றால் அதுவும் வேண்டாம்.

சேர்ந்த புதிதில் அவள் முழுதாகத்தான் கேட்டாள். இருபத்திரண்டுக்கு மேல் தாண்டவில்லை. அறைக்கு மேலாளர் ஒருவர் உண்டு. அவர் வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான் வரும் என்பதால் அவருக்கு டார்கெட் என்றே பெயர். டார்கெட் அவளைக் கூப்பிட்டு, "நீங்க கதை கேக்க வரலம்மா, மார்க் போட வந்திருக்கீங்க," என்றார். அன்றிலிருந்து கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். அலுவலகத்தில் கற்றது வீட்டுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பத்து நாற்பதுக்கு, பன்னிரண்டாவது அழைப்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கும்போது, பெரிய நாத்தனார் போன் செய்தாள். கணவருக்கு அக்கா. காதுக்காரி துண்டித்தாள். மறுபடி வந்தது. துண்டித்தாள். மூன்றாம் முறை வந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினாள்.

"அண்ணி, வேலையில இருக்கேன். சாயந்திரம் பேசட்டுமா?"

"சாயந்திரம் பேசி என்னத்தைக் கிழிக்கறது? அதுக்குள்ள அவன் கையெழுத்தே போட்டுடுவான்."

"என்ன கையெழுத்து?"

"நல்லா நடிக்கிற! உன்கிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்னான். இப்ப போன் பண்ணி, அவ சரின்னுட்டா அக்கா, நான் போறேங்கிறான். மூணு வருஷம்மா! ஒத்தை ஆளுக்குத்தான் அங்க இடமாம், உன்னையோ குழந்தையையோ கூட்டிட்டுப் போக முடியாதாம். வருஷத்துக்கு ஒரு தடவை வருவானாம், ஏதோ விருந்தாளி மாதிரி."

காதுக்காரி சுவரில் சாய்ந்துகொண்டாள். மேல் மாடியில் யாரோ மேசையை இழுத்தார்கள். அந்தச் சத்தத்தில் பல் கூசியது.

"கட்டினவன் கண் காணாத ஊருக்குப் போறேங்கிறான், நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி அனுப்பி வெக்கிற. கடைக்குப் போறவனைக்கூட எதுக்குப் போறன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. உனக்கு அந்த ஒரு வார்த்தைக்கும் நேரமில்ல."

"எத்தனை மணிக்கு, அண்ணி?"

"எது?"

"கையெழுத்து."

"உனக்குத் தெரியாதா?"

"சொன்னாரு. நேரம் மறந்துட்டேன்."

"மூணு மணிக்கு, அவங்க ஹெட் ஆபீஸ்ல." நாத்தனாரின் குரல் தணிந்திருந்தது. அந்தத் தணிவு திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது. "ஏம்மா, உங்களுக்குள்ள எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு, அண்ணி."

*

கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே கை உலர்த்தும் இயந்திரம் யாரோ கையை நீட்டுவதும் எடுப்பதுமாக விட்டுவிட்டு அலறிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, முதலிலிருந்து, சாதாரண வேகத்தில் ஓடவிட்டாள்.

"சிலிண்டர் இன்னைக்கு வரும்னு மெசேஜ் வந்திருக்கு. நான் வாங்கி வெச்சுடறேன், நீ ஆபீஸ்ல இருந்துக்கிட்டு அதுக்குப் போன் பண்ணிட்டிருக்காத. அப்புறம்... அந்தப் புதுக் கிடங்கு விஷயம். கேட்டுட்டாங்க. மூணு வருஷம். கண்ட்ரோல் ரூம் வேலை, பகல் ஷிஃப்ட். போன மாசம் உனக்குச் சொன்னேனே, அதுக்கப்புறம் இங்க ரொம்ப நாள் ஓட்ட முடியாதுன்னு உனக்கே தெரியும். ஆனா..."

இங்கே ஓர் இடைவெளி. பின்னால் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவள் பழக்கதோஷத்தில் எண்ணினாள். ஆறு விநாடி.

"ஞாயித்துக்கிழமையே கேக்கணும்னு இருந்தேன். முடியல. நான் இருந்தும் உனக்குப் பெரிசா உபயோகமில்ல, அது தெரியுது. இருந்தாலும் நீ போகாதன்னு சொன்னா நான் போகல. சமாளிச்சுக்கலாம். மூணு மணிக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும்."

மறுபடி இடைவெளி. ஒன்பது விநாடி.

"போகட்டுமா? சரின்னா சரின்னு அனுப்பு. மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துக்கோ."

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இதைப் போய் ஒரு மனுஷன் வாய்ஸில் கேட்பானா, சிலிண்டருக்கும் குடைக்கும் நடுவில் வைத்து? அடுத்து வந்தது வெட்கம். அவர் எப்போதுமே அப்படித்தான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அரை மணி நேரம் அவர்கள் வீட்டு ஃபேனைப் பற்றிப் பேசிவிட்டு, செருப்பை மாட்டும்போதுதான் பிடித்திருக்கிறது என்று சொன்னவர். அந்த மனிதரிடம் எதையும் நடுவில்தான் தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் நடுவை வெட்டி எறிந்திருக்கிறாள்.

அவள் மார்க் போடும் படிவத்தில் பதினாறாவது கட்டம் ஒன்று உண்டு. 'வாடிக்கையாளர் பேசாமல் நின்றபோது அதைக் கவனித்தாரா?' கவனிக்காதவர்களுக்கு இரண்டு மார்க் குறைப்பாள். அதில் தயவுதாட்சண்யமே காட்டமாட்டாள்.

போன மாதம் அவர் என்ன சொன்னார்? திரையை மேலே தள்ளினாள். பதிவுக்குக் கீழே பதிவு, ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு கட்டைவிரல். தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். இரவு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருப்பார், வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. இது அனுமதி கேட்கிற குரல் இல்லை. போகாதே என்று சொல்லேன் என்று கெஞ்சுகிற குரல். ஆயிரக்கணக்கான குரல்களுக்கு மார்க் போட்டவளுக்கு அதுகூடவா தெரியாது?

போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. தூங்கும்போது மௌனத்தில் போட்டிருப்பார். பதினொன்றுக்கு ஒருமுறை, பன்னிரண்டுக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு இரண்டுமுறை. நடுவில் யாரோ அவளுக்குக் கடன் அட்டை தரத் துடித்தார்கள். பள்ளிக்கூட ஆப் பச்சை அட்டையின் அளவைத் தெரிவித்தது.

ஒன்றரைக்கு டார்கெட்டிடம் போய் நின்றாள்.

"சார், நான் இப்பவே கிளம்பணும்."

"எத்தனை முடிச்சிருக்கீங்க?"

"பதினேழு."

"நாப்பது இல்லையா?" அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன காரணம் போடறது? உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்."

"விபத்து, இறப்பு?"

"இல்ல."

"அப்போ 'இதர'தான் இருக்கு. இதரன்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணும்."

என் கணவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காதுக்காரி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"இது உங்க ரெக்கார்டுல போகும்," என்றார் டார்கெட்.

"போகட்டும் சார். மத்ததெல்லாம் போகுதே, அதோட இதுவும் போகட்டும்."

*

ஹெட் ஆபீஸ் ஊரின் மறுகோடியில் இருந்தது. பஸ் பாலத்தடியில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. முன்னிருக்கை இளைஞன் ஒருவன் ஏதோ சண்டைக் காட்சியை ஊருக்கே கேட்கும்படி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு பெண் யாரிடமோ, "நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு, நீ முதல்ல நான் சொல்றதைக் கேளு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்பது கடைசிவரை வரவில்லை. எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. அடித்தால் வழி பிறக்கும் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை, ஆனாலும் அடித்தார்கள்.

இரண்டே காலுக்கு அவர் போனை எடுத்தார்.

"ஹலோ... யாரு? நீயா? சொல்லு."

"எங்க இருக்கீங்க?"

"என்ன?"

"எங்க இருக்கீங்கன்னேன்!" பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரே சத்தமா இருக்கு. ஒண்ணும் புரியல. எதுவா இருந்தாலும் அனுப்பி வை."

வைத்துவிட்டார். அவள் 'போகாதீங்க' என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். 'நீலம் இல்லை, பச்சை' என்பதுபோல் இருந்தது. மூன்று வருடத்தைத் தடுத்து நிறுத்த இது போதாது என்று பட்டது. அழித்துவிட்டு, போனை வாயருகே வைத்துக் குரலில் பேசினாள்.

"ஏங்க, போகாதீங்க. காலையில நான் அனுப்பினதை விடுங்க, அது தப்பு. கையெழுத்துப் போடாதீங்க. நான் வந்துட்டிருக்கேன்."

அனுப்பினாள். திரையையே பார்த்தபடி இருந்தாள். இரண்டு கோடுகள் வந்தன. நீலமாயின. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பதில் வந்தது. ஒரு கட்டைவிரல்.

அப்பாடா என்று இருக்கையில் சரிந்தாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அந்த அப்பாடா கரைந்துவிட்டது. ஒரு கட்டைவிரலுக்கு என்ன மதிப்பு என்று இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? அவசரமாக எழுதினாள்: 'நான் சொன்னதை முழுசா கேட்டீங்களா? கையெழுத்துப் போடாதீங்க.' ஒற்றைக் கோடு வந்து நின்றது. இரண்டாவது கோடு வரவேயில்லை. உள்ளே போகும்போது போனை அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

*

அவள் போய்ச் சேரும்போது மூன்று நாற்பது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே சாலையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் ஒன்று தரையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது.

அவர் படிக்கட்டில், கூரைக்கு அடியில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு ஃபைல். சாலையைப் பார்த்தபடி நின்றார்.

"ஏங்க!" பக்கவாட்டுப் படியில் ஏறிக்கொண்டே கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அருகில் போய், "ஏங்க, உங்களைத்தான்!" என்றாள். அப்போதும் அசையவில்லை. வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"வந்துட்டியா? எப்ப வந்தே?"

"போட்டுட்டீங்களா?"

"என்ன?"

"கையெழுத்து! கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"ம். இப்பத்தான்."

"நான் அனுப்பினேனே, கேக்கலையா? கேக்காமலா விரலைப் போட்டீங்க?"

"கேட்டேன். மூணு தடவை போட்டுக் கேட்டேன். பஸ் சத்தம்தான் கேட்டுச்சு. கடைசியில வந்துட்டிருக்கேன்னது மட்டும் புரிஞ்சுது. சரி, கையெழுத்துப் போடறப்ப கூட இருக்கணும்னு வர்றேன்னு நினைச்சேன்." அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. "ஏன், என்ன சொன்னே?"

"போகாதீங்கன்னு சொன்னேன்."

அவர் அவள் உதடுகளையே பார்த்தார். "காலையில சரின்னியே."

இந்த இடத்தில் அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. யோசித்தேன், மனசு மாறிவிட்டது என்று சொல்லலாம். அது கௌரவமான பொய். ஆனால் போ என்று ஒருமுறை மனதறிந்து சொன்னவளாக அவள் அவர் கணக்கில் நின்றுவிடுவாள். இன்னொன்று உண்மை. அது அதைவிடக் கேவலமாக இருந்தது.

"காலையில நான் கேக்கல," என்றாள்.

"என்ன?"

"நீங்க பேசினதை நான் முழுசா கேக்கல. முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம். சிலிண்டரும் குடையும்தான் கேட்டேன். நடுவுல நீங்க கேட்டது எனக்குத் தெரியாது. அண்ணி போன் பண்ணித்தான் தெரியும்."

ஜெனரேட்டருக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது. இப்படியொரு விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டிவந்ததே என்று அழுகை வந்தது. வாசல் காவலாளி நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர் சத்தம் போடவில்லை. அதிலும் ஒரு சங்கடம். கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் அவளிடம் நிறைய இருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளா."

"எல்லாத்தையுமா?"

அவள் தலையாட்டினாள். அவர் ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அப்போ போன மாசம் நான் சொன்னது?"

"என்ன சொன்னீங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பு என்று சொல்ல முடியாது, மூச்சு விட்டார். "நாலு நிமிஷம் பேசினேன். என் ஆயுசுல ஒரு விஷயத்தை அவ்வளவு நேரம் நான் பேசினதில்ல. லாக்கர் ரூம்ல உக்காந்து, ரெண்டு தடவை அழிச்சு, மூணாவது தடவை அனுப்பினேன். நீ உடனே விரலைப் போட்டே. அழுது புலம்பாம தைரியமா எடுத்துக்கிட்டாளேன்னு நினைச்சேன். இதைப் பத்திப் பேச வேணாம்னு நினைக்கிற போலன்னு நானும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல."

"என்னங்க சொன்னீங்க? தயவு செஞ்சு சொல்லுங்க."

"இடது காது போயிடுச்சு."

அவளுக்குப் புரியவில்லை. நன்றாகக் கேட்டது. புரியத்தான் இல்லை.

"கம்பெனியில டெஸ்ட் பண்ணாங்க. பதினோரு வருஷம் கம்ப்ரஸர் பக்கத்துல நின்னது. இந்தக் காது சுத்தமா இல்ல. வலது காது பாதி இருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் அங்க நின்னா அதுவும் இருக்காதுன்னாரு டாக்டர். அதனாலதான் அந்தக் கண்ட்ரோல் ரூமைக் கேட்டேன். கண்ணாடி ரூம், திரையைப் பாத்துக்கிட்டிருந்தா போதும். வேற எங்கயும் தேடலைன்னு நினைக்காத. ரிப்போர்ட்டைப் பாத்ததும் யாரும் எடுத்துக்கல."

அவள் எதையெதையோ நினைத்தாள். இந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை, உங்ககிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான் என்று சொல்லியிருக்கிறாள்! அதையும் அவர் எந்தப் பக்கத்துக் காதால் கேட்டாரோ.

"பாப்பாவுக்குத் தெரியும்," என்றார் அவர். "சோபாவுல எப்பவும் என் வலது பக்கம்தான் உக்காருவா. நான் சொல்லல, அவளாவே கண்டுபிடிச்சுட்டா. உன்கிட்ட சொல்லணும்னு பாத்தாளாம். நீ அப்புறம்னுட்டியாம்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாள். அவர் அவள் பையிலிருந்த குடையை எடுத்து விரித்துப் பிடித்தார், சாரல் அடித்துக்கொண்டிருந்ததால்.

"இத பாரு. ஹெச்.ஆர். அம்மா அஞ்சு மணி வரைக்கும் இருப்பாங்க. மனசு மாறினா அதுக்குள்ள வந்து சொல்லுங்க, பேப்பரைக் கிழிச்சுடறேன்னாங்க. கிழிச்சா நான் பழைய இடத்துக்கே போயிடுவேன். கம்ப்ரஸர்கிட்டயே இருந்துக்கறேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் என்கூட இருப்பீங்க." அவர் நிறுத்தினார். விநாடிகளை அவள் எண்ணவில்லை. "நீ முதல் தடவை பதில் சொல்லவே இல்லேன்னு ஆயிடுச்சு. அதனால மறுபடியும் கேக்கறேன். போகட்டுமா, வேணாமா?"

"ஏங்க..."

"இந்தப் பக்கம் கேக்காது. இப்படி வந்து சொல்லு."

அவள் குடைக்கு அடியில் அவரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றாள். பத்து நாற்பதிலிருந்து ஒரே சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஊரையே கடந்து வந்திருந்தாள். போகாதீங்க. அதைச் சொன்னால் இந்தக் காதும் போய்விடும். போங்க என்றால், காலையில் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்தே செய்வதாகிவிடும்.

அவர் தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எதிரே சாலையில் யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள்.

"சீக்கிரம் சொல்லும்மா," என்றார். "இப்ப கொஞ்சம் சத்தம் குறைஞ்சிருக்கு."